நம் பங்குக் கடன்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கிரேன் கூண்டில் நாற்காலியை மாற்றித் தருவதாகச் சொன்னார்களே, தந்தார்களா? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். போனைக் காதில் வைத்ததும் எனக்கு வார்த்தை ஓடிவிடும். அதனால்தான் கடிதம்.

சித்தப்பா நடத்துகிற நம் சலவைக் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. உனக்கும் வந்திருக்கும். சித்தப்பா கம்பெனி பெயரில் பேங்கில் பத்து லட்சம் கடன் வாங்கப் போகிறார். புது மெஷினுக்காக இல்லை. வாங்கிய பணத்தைப் பங்குக்குத் தகுந்தபடி எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவாராம். அவருடைய நாற்பது பங்குக்கு நாலு லட்சம். உன் முப்பதுக்கு மூன்று. அம்மாவிடமும் என்னிடமும் சேர்ந்து இருக்கிற முப்பதுக்கு மூன்று. சித்தப்பா கட்டுகிற வீடு சுவர் வரைக்கும் வந்து கூரை இல்லாமல் நிற்கிறது.

அம்மா நோட்டீஸைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கூரை அவருக்கு, கடன் எனக்கா?" என்றாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா போன பிறகு வாசலில் வந்து நின்றவர்களை அவள் இன்னும் மறக்கவில்லை. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

பாதிக்கு மேல் பங்குகள் சம்மதித்தால்தான் கடன் நடக்கும். சித்தப்பாவிடம் நாற்பதுதான் இருக்கிறது. நீ 'வேண்டாம்' என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். கூட்டம் இருபதாம் தேதி.

குளிரில் மேலே ஏறும்போது காதை மூடிக்கொள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 26

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். நாற்காலி வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு தலையணை தந்தார்கள். இந்த மாதம் துறைமுகத்தில் மூச்சுவிட நேரமில்லை. கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன. மேலே உட்கார்ந்து பார்த்தால் கீழே இருக்கிற பெட்டிகள் எல்லாம் நீ மடித்து அடுக்கிய போர்வைகள் மாதிரி தெரிகின்றன.

கடன் விஷயம். அம்மாவை இப்படிப் பயப்பட வேண்டாம் என்று சொல். இது கதவைத் தட்டுகிற கடன் இல்லை. கம்பெனி வாங்குவது, கம்பெனி கட்டுவது. வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். அதற்கு மேலும் பிடிக்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. கம்பெனி வாங்குகிற கடனை நாம் வீட்டில் உட்கார்ந்தே இல்லாமல் செய்துவிடலாம். உங்கள் கைக்கு மூன்று லட்சம் வருகிறது, இல்லையா? அதைத் தொடாமல் அப்படியே டெபாசிட்டில் போடுங்கள். கம்பெனி வட்டி கட்டுவதால் நம் லாபம் குறையும். டெபாசிட் வட்டி அந்தப் பள்ளத்தை நிரப்பும். என்றைக்காவது கம்பெனி கடனைத் திருப்பிக் கட்ட வேண்டி வந்தால், நம் பங்குக்கான பணம் தனியாகத் தயாராக இருக்கும். சித்தப்பா கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதான். கடன் பிடித்தவர்கள் வைத்துக்கொள்ளட்டும். பிடிக்காதவர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும். சண்டை எதற்கு?

மடிப்பு மேஜையில் உன்னோடு நிற்கிற ரேடியோ அக்காவை விசாரித்ததாகச் சொல். அவர் வாயை மூடும் நேரம் கிடைத்தால்.

அம்மா மருந்தை நேரத்துக்குப் போடட்டும்.

அண்ணன்

*

மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ரேடியோ அக்காவிடம் சொன்னேன். "கிரேன்மேல ஏறி உக்காந்தா கொழுப்பும் மேல ஏறிடுமா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

கூட்டம் முடிந்தது. கடன் நிறைவேறிவிட்டது என்று ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தது. பத்து லட்சமும் வந்து, அம்மாவிடம் மூன்று லட்சத்தைக் கொடுத்தும் விட்டார்கள். அம்மா அதைப் பிரிக்கக்கூட இல்லை. துணிக்கடைப் பைக்குள்ளேயே வைத்து, அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள். வேறு யார் வீட்டுப் பணத்தையோ காவல் காக்கிற மாதிரி இருக்கிறாள்.

நீ சொன்ன வழியை அம்மாவிடம் சொன்னேன். முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இடிக்கிறது. கம்பெனிக்குப் பேங்க் போடுகிற வட்டி நூற்றுக்குப் பத்து. வருஷத்துக்கு ஒரு லட்சம். அதில் நம் முப்பது பங்குக்கு லாபத்தில் குறைவது முப்பதாயிரம். அதே பேங்க் டெபாசிட்டுக்குத் தருவது ஆறுதான். மூன்று லட்சத்துக்குப் பதினெட்டாயிரம். பன்னிரண்டாயிரம் ஓட்டை விழுகிறதே. வாங்கும்போது ஒரு விலை, நாம் கொடுக்கும்போது ஒரு விலையா? நான் எங்காவது தப்புப் பண்ணியிருந்தால் சொல்.

கூட்டத்துக்கு முன்னால் என் கடிதம் உனக்குக் கிடைத்ததா? நீ அதைப் பற்றி எழுதவில்லை.

உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்.

உன் தங்கை

*

மார்ச் 14

ஊமைக்கோட்டானுக்கு அன்புடன்,

சுகம். ஒத்தடம் கொடுத்தேன், தேவலை.

நீ தப்புப் பண்ணவில்லை. நான்தான் அவசரத்தில் எழுதிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே வட்டி என்றால்தான் சரியாக ஈடாகும். அதற்கும் வழி இருக்கிறது. பணத்தைப் பேங்குக்குக் கடனாகக் கொடுப்பதற்குப் பதில் கம்பெனிக்கே கடனாகக் கொடுங்கள். சித்தப்பா உங்களிடம் மூன்று லட்சம் வாங்கி, பேங்குக் கடனை ஏழாகக் குறைக்கட்டும். பேங்குக்குக் கட்டுகிற அதே பத்து வட்டியை உங்களுக்குக் கட்டட்டும். அவருக்கு நஷ்டமில்லை. உங்களுக்கு லாபத்தில் குறைகிற முப்பதாயிரம் வட்டியாகத் திரும்பி வந்துவிடும். ஓட்டை அடைபட்டது. ஆனால் முதலிலேயே 'இது கம்பெனிக்கு இன்னார் கொடுத்த கடன்' என்று சித்தப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

நீயே போய்க் கேள். சித்தப்பா கடிக்கமாட்டார்.

மழை இங்கே விடாமல் பெய்கிறது. அங்கே கொடியில் துணி காய்கிறதா?

அண்ணன்

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேறு விஷயத்தில்தான் நன்றாக இல்லை.

உன் கடிதம் வந்த பிறகு பல நாள் சித்தப்பாவின் ஆபீஸ் கதவு வரைக்கும் போனேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே யாராவது இருந்தார்கள். யாரும் இல்லாத நாளில் சித்தப்பாவே இருந்தார், அது அதைவிடக் கஷ்டம். கையில் துண்டு மூட்டையோடு நின்றேன். "என்னம்மா?" என்று கேட்டார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் இப்படி நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது, பொறுக்கமாட்டாமல் அம்மா தனியாகப் பேங்குக்குப் போய்விட்டாள். பையோடு. கம்பெனியின் கடன் கணக்கில் மூன்று லட்சத்தையும் கட்டிவிட்டாள். நான் வேலை முடிந்து வந்தபோது அவள் முகம் கழுவி, தலை வாரி, வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். "நம்ம பங்குக் கடனை நான் அடைச்சிட்டேன். இனிமே அவங்க பாடு, பேங்க் பாடு" என்றாள். இரண்டு மாதமாக இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்பை நான்தான் கெடுத்தேன். கம்பெனிக் கடனில் நம் பங்கு என்று தனியாக ஒரு மூலை கிடையாது என்று எப்படிச் சொல்வது? கடைசியில் சலவையை வைத்துத்தான் சொன்னேன். மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற துணியையும் ஒரே டிரம்மில் போட்டு ஓட்டும்போது, ஓர் ஆஸ்பத்திரித் துணிக்கு மட்டும் என்று நல்ல தண்ணீர் ஊற்ற முடியாது. ஊற்றினால் எல்லோர் துணிக்கும்தான் போகும். பத்து லட்சம் ஏழாகிவிட்டது, சரி. ஆனால் மீதி ஏழிலும் நம் முப்பது பங்கின் பாரம் அப்படியே இருக்கிறது. மூன்று லட்சத்தைக் கொடுத்துவிட்டு வருஷத்துக்கு ஒன்பதாயிரம் வட்டியைக் குறைத்திருக்கிறோம்.

அம்மா இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ நான் அவர் கூரைக்குத்தான் காசு போட்டேனா?" என்றாள்.

அவள் கட்டியதில் சித்தப்பாவுக்குப் போனது ஒரு லட்சத்து இருபதாயிரம். உனக்குப் போனது தொண்ணூறாயிரம். உன்னுடையதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மாவிடம் இருந்த மொத்தப் பணமும் அதுதான், அண்ணா. கை மரத்துப்போகிறது என்று இஸ்திரி மேஜையிலிருந்து அவளை இந்த வருஷம் நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். என்ன செய்வது என்று சீக்கிரம் எழுது.

உன் தங்கை

*

ஏப்ரல் 8

அன்புள்ள தங்கைக்கு,

படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். பேங்கில் வரிசையில் நின்று அடுத்தவர் கடனைக் கட்டிவிட்டு வருகிற ஆள் இந்த உலகத்தில் நம் அம்மாவாகத்தான் இருக்கும். இரண்டாவது தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

இன்னும் கை மீறவில்லை. அம்மா கட்டியதை 'கம்பெனி அம்மாவிடம் வாங்கிய கடன்' என்று சித்தப்பா இப்போது எழுதிக் கொடுத்தாலும் போதும், எல்லாம் நேராகிவிடும். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அது தானம்தான். அவர் மறுத்தால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர் கேட்கவில்லையே. அதனால் நீ போய்ப் பேசியே ஆக வேண்டும். அம்மா பேசினால் சண்டையாகும். நான் எழுதினால், தூரத்தில் இருந்துகொண்டு நாட்டாமை செய்கிறான் என்பார். நீ கேட்டால்தான் கேட்பார்.

மூட்டையில்லாமல் போ.

அண்ணன்

*

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். பேசிவிட்டேன்.

ரேடியோ அக்காதான் தள்ளிவிட்டார். "போய் நில்லு. சத்தம் தானா வரும். வரலைன்னா ஒரு தும்மல் போடு, அது வாயத் தொறந்து விட்டுடும்" என்றார். போய் நின்றேன். சத்தம் வரவில்லை. உண்மையாகவே தும்மல்தான் வந்தது.

"என்னம்மா, சளியா?"

"இல்ல சித்தப்பா. கடன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் மறுபடி வராது என்று பயம்.

"பேங்க்ல கட்டுங்கன்னு அண்ணிகிட்ட நான் கேட்டேனா?"

"இல்ல சித்தப்பா."

"கடன் குறைஞ்சிருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். அண்ணிக்கு நம்ம மேல இவ்வளவு பாசமான்னுகூட நினைச்சேன்."

"பாசம் இல்ல சித்தப்பா. பயம்."

கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "நீ இவ்வளவு பேசுவியா?" என்றார். எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் விடுகிறவரும் இல்லை. கம்பெனி பெயரில் புதிதாக ஒரு கடனை எழுத வேண்டுமென்றால் பங்குதாரர்கள் சம்மதிக்க வேண்டும், தன் நாற்பதை இதற்குத் தரமாட்டேன் என்றார். "அண்ணி கட்டினதுல என் பக்கம் வந்தத நானே எழுதித் திருப்பிக் குடுக்கணுமா? போன தடவ எழுபது பங்கு சேந்து முடிவு பண்ணிச்சு. இந்தத் தடவையும் கூட்டம் போடறேன். பாதிக்கு மேல வந்தா எழுதிடறேன்." கூட்டம் மே இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை.

எழுபது என்றார். அவரிடம் இருப்பது நாற்பது. நானும் அம்மாவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள். ஒன்பதாவதில் படிப்பை நிறுத்தியவளுக்கும் இந்தக் கழித்தல் வரும். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

எங்கள் முப்பது மட்டும் போதாது என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகம்தானே? பதில் இல்லை. தபால் தாமதமோ என்று தபால்காரரிடம் கேட்டேன். உன் ஊர்க் கடிதங்கள் ஒழுங்காகத்தான் வருகின்றனவாம்.

அம்மா தினமும் கேட்கிறாள். கப்பல் அதிகமாம், அண்ணனுக்கு நேரமில்லையாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா மறுபடி இரண்டு ஷிஃப்ட் இஸ்திரிக்குப் போகிறாள். இரவில் சோறு பிசையும்போது விரல் மடங்குவதில்லை.

சம்மதமில்லை என்றாலும் எழுதிவிடு. தெரிந்துகொண்டால் வேறு வழி பார்க்கலாம்.

உன் தங்கை

*

மே 19

அன்புள்ள தங்கைக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். உனக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்து, நாலு தடவையும் மழையைப் பற்றியே எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நீ கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். ஒரு சிநேகிதனோடு சேர்ந்து பழைய லாரி ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. துறைமுகத்துக்கு வெளியே சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் இந்தக் கூண்டிலிருந்து இறங்கிவிடலாம். நானே கடன் வாங்கலாம் என்று பேங்குக்குப் போனேன். வாடகை அறையில் இருக்கிறவனுக்குப் பதினாறு வட்டி என்றார்கள். அதே பேங்க் கம்பெனிக்குப் பத்துக்குக் கொடுக்கிறது. சித்தப்பாவின் நோட்டீஸ் அந்த வாரம்தான் வந்தது. என் பெயரில் கிடைக்காத கடன் கம்பெனி பெயரில் கிடைக்கிறது. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் வீட்டிலேயே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் சித்தப்பாவுக்குச் சம்மதம் என்று எழுதிப் போட்டேன். கணக்கும் சரிதான். அம்மா பேங்குக்குப் போவாள் என்பது மட்டும் கணக்கில் இல்லை.

என் மூன்று லட்சம் இப்போது லாரியின் முன் பாதியாகிவிட்டது. பின் பாதி அவனுடையது. ஆகவே பணமாகத் தர என்னிடம் ஒன்றுமில்லை. தொண்ணூறாயிரத்தைப் பேசாமல் வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். பதில் தாமதமானது அதனால்தான்.

சித்தப்பாவுக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். லாரியைப் பற்றி அம்மாவிடம் சொல்வது உன் இஷ்டம்.

அண்ணன்

*

மே 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மெஷின்கள் ஓடவில்லை. இஸ்திரி அறையிலேயே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். சித்தப்பா உன் தபாலை எங்கள் முன்னால்தான் பிரித்தார். ஒரே வரி. என் முப்பது பங்கும் சம்மதம் என்று. சித்தப்பா அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

"அறுபது. சரி, எழுதிடறேன். அண்ணி, வட்டி ஒன்பது போட்டுக்கலாமா? சொந்தத்துக்குள்ள..."

அம்மா என்னைப் பார்த்தாள். ஒன்பது என்றால் நமக்கு வருஷம் மூவாயிரம் குறையும் என்று காதில் சொன்னேன்.

"பேங்க் சொந்தமில்லையா தம்பி? அவங்களுக்குப் பத்து குடுக்கறீங்க. எனக்கும் பத்தே போடுங்க."

சித்தப்பா சிரித்துவிட்டார். "கடன்னா நடுங்கறவங்கன்னு நினைச்சேன்."

"வாங்கறதுன்னா நடுங்குவேன். குடுக்கறதுக்கு என்ன நடுக்கம்?"

எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்கு இப்போது இரண்டு கடன்காரர்கள். ஒன்று பேங்க், ஒன்று அம்மா. முதல் வட்டி வந்ததும் இஸ்திரியை விட்டுவிடுவதாக அவளே சொன்னாள். நான் நம்பவில்லை, ஆனால் சொன்னாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். மருந்துக் கடை தாண்டியதும், "அவன எவ்வளவு வட்டி கேட்டுச்சாம் பேங்க்?" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"என்ன முழிக்கிற? எழுபதுன்னு நீ வந்து சொன்னியே. எனக்குப் படிக்கத்தான் வராது, கழிக்க வரும். அவனுக்கு ஏதோ தேவ இருந்திருக்கு, பேங்க் அதிக வட்டி கேட்டிருக்கும், கம்பெனி வழியா வாங்கினான். எனக்கு வேணாம்னு இருந்திச்சு, நான் திருப்பிப் போட்டேன். வயித்துல பொறந்தவனா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒரே மனசா இருக்கும்?"

"பதினாறு கேட்டாங்களாம்மா" என்றேன். லாரியையும் சொல்லிவிட்டேன்.

தெருமுனை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாள்.

"பதினாறு அநியாயம். அடுத்த தடவ வேணும்னா கம்பெனியச் சுத்திக்கிட்டுப் போக வேணாம், நேரா என்கிட்ட கேக்கச் சொல்லு. பன்னெண்டுக்குத் தர்றேன்."

அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், என்ன அடமானம் வைப்பாய் என்று கேட்டு உனக்கு எழுதச் சொல்லிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன். பதிலை அம்மா பெயருக்கே போடு. நான் படித்துக் காட்டுகிறேன்.

உன் தங்கை